திண்ணை முதல் கொல்லை வரை

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிப்பதென்று தீர்மானித்த பெற்றோர், பெரும்பாலும் முதற்காரியமாக, வீட்டில் ஓர் அறையை ஒழித்து, அங்கே மேஜையும் நாற்காலியும் போட்டு, சுவரில் ஒரு பலகையை மாட்டி, உலகப் படம் ஒன்றையும் நேர அட்டவணை ஒன்றையும் அதன் பக்கத்தில் ஒட்டி, இனி இதுதான் உன் வகுப்பு என்று குழந்தைக்குக் காட்டுகிறார்கள். அவர்களுடைய சிரத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும், எந்த நான்கு சுவர்களுக்குள் குழந்தை அடைபட்டுக் கிடக்கக் கூடாதென்று அத்தனை பேரின் வார்த்தையையும் மீறித் துணிந்தார்களோ, அதே நான்கு சுவர்களைத் தம் வீட்டுக்குள் கொண்டுவந்து எழுப்பிவிட்டால், அந்தத் துணிவினால் குழந்தைக்கு விளைந்த லாபம் என்ன என்ற கேள்வி எழாமல் இராது. வீட்டுக்கென்று ஒரு கல்வி முறை உண்டு. வீட்டின் ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒரு வேலை நாள்தோறும் நடைபெறுகிறது. அந்த வேலையோடு கூடவே ஒரு பாடமும் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டறிந்து, குழந்தையை அங்கங்கே அழைத்துச் சென்று உட்கார்த்துவதே வீட்டில் கற்பிப்போரின் தலையாய கடமை என்பது, பல வீடுகளைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

வீட்டில் கற்பிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1822-இல் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். வந்து சேர்ந்த விவரங்களை ஒன்றுசேர்த்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பு, ராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்தனவென்று தெரிவிக்கிறது. அந்த ஆவணங்களைத் தேடியெடுத்து வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983-இல் நூலாக வெளியிட்டபோது, பள்ளிகளின் தொகையே பலரை வியப்பில் ஆழ்த்தியது. எனக்கோ அதைவிட வியப்பைத் தந்தது, சென்னைப் பட்டணத்துக் கலெக்டர் தனியே எழுதியனுப்பிய ஒரு கணக்கு. பட்டணத்தில் 26,963 பேர் தத்தம் வீடுகளிலேயே கல்வி பெற்றுவந்தார்களாம். பள்ளிக்குச் சென்றவர்களைப் போல இது ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்தக் கணக்கில் பிழை இருக்கக்கூடுமென்று மன்றோவே ஐயுற்றார். எனினும் வீட்டில் பயில்வோரையும் சேர்த்துக்கொள்ளாமல் நாட்டின் கல்வியை மதிப்பிட முடியாதென்பதை ஒப்புக்கொண்டு, கல்வி பெற்ற ஆண்களின் விகிதம் பற்றிய தம் மதிப்பீட்டை உயர்த்திக்கொண்டார். அத்தனை குழந்தைகளும் எங்கே உட்கார்ந்து படித்திருப்பார்கள்? தனியே ஒரு படிப்பறை என்பது எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்? கூடத்திலும் தாழ்வாரத்திலும் முற்றத்தின் ஓரத்திலும், சுற்றிலும் குடும்பத்தின் அன்றாட வேலைகள் நடந்துகொண்டிருக்க, அவற்றின் நடுவேதான் அவர்கள் எண்ணும் எழுத்தும் கற்றிருக்க வேண்டும்.

பள்ளி என்று பெயர் பெற்றதும்கூட அக்காலத்தில் பெரும்பாலும் வீட்டின் ஓர் அங்கமாகவே இருந்தது. தெருவை நோக்கிய திண்ணையில் உபாத்தியாயர் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் கீழே மணலைப் பரப்பி விரலால் எழுத்தைத் தீட்டித் தீட்டிக் கை படிந்த பிறகே ஓலையையும் எழுத்தாணியையும் தொடுவார்கள். முந்திரி, காணி, மா, வீசம் என்று கீழ்வாய் இலக்கத்தையும், ஒன்று முதற்கொண்டு மேல்வாய் இலக்கத்தையும் உரத்த குரலில் ஒப்பிப்பார்கள். ஒன்றின் முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயரிட்டு, அதைக் கொண்டு கூட்டவும் பெருக்கவும் சிறுவர்களைப் பழக்கிய அந்தக் கணிதம், வயலையும் நெல்லையும் கூலியையும் அளக்கும் அன்றாடத் தேவையிலிருந்து பிறந்தது. தெருவில் போகிறவர் கேட்பார். தப்பாகச் சொன்னால் நின்று திருத்துவார். சென்னையில் எழும்பூரிலிருந்த அநாதைச் சிறுவர் விடுதிக்கு 1789-இல் மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இவ்வாறு மணலில் எழுதும் பிள்ளைகளை வழியில் கண்டு, அம்முறையைத் தம் விடுதிக்குக் கொண்டுசென்றார். முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையோடு அதனை இணைத்து, 1797-இல் ஒரு நூலும் எழுதினார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் மதராஸ் காலேஜ் என்ற பெயரிலேயே ஒரு பள்ளி இன்றும் நடைபெறுகிறது. ஒரு வீட்டின் முகப்பும் ஒரு கை மணலும் இத்தனை தூரம் போயின.

ஆனால் திண்ணையைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் அது உண்மையைப் பாதி மறைத்ததாகும். அங்கே பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. அவற்றுக்கு அஞ்சி ஓடிய பிள்ளைகளும் பலர். பெண் குழந்தைகளுக்கு அங்கே இடம் அரிது. ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகங்களின் குழந்தைகளுக்கோ, திண்ணை இருந்த தெருவில் நடப்பதற்கே உரிமை இல்லாதிருந்தது. 1894-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாற்றில் அவர்களுக்கென்று ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கியதும், 1956 முதல் காமராஜர் ஆட்சியில் பள்ளிதோறும் மதிய உணவு பரவியதும், திண்ணை அடைத்துவைத்த வழியைத் திறந்த பெரும் தர்மங்கள். வீடு மட்டுமே கல்விக்கூடமாக இருந்தவரையில், நல்ல வீட்டில் பிறந்த குழந்தை மட்டுமே கற்றது. ஆயினும் வெளிவாசல் அடைபட்ட வேளையில் ஒரு வீடு எத்தகைய துணையாக நிற்கக்கூடும் என்பதற்கும் சரித்திரம் சான்று சொல்கிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, வளர்ந்த பெண் பள்ளிக்குப் போவதை ஊர் ஒப்பாத காலத்தில் வீட்டிலிருந்தே படித்துத் தேறி, பின்னர்க் கல்லூரி புகுந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இவ்விரு பக்கத்தையும் மனத்தில் இருத்திக்கொண்டே வீட்டுக்குள் நாம் நுழைய வேண்டும்.

வாசலிலிருந்து தொடங்குவோம். விடியற்காலையில் சாணம் தெளித்துப் பெருக்கிய தரையில் அம்மா புள்ளி வைக்கிறாள். நடுவரிசையில் ஏழு புள்ளி. அதற்கு மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று. பக்கத்தில் குந்தியிருக்கும் ஆறு வயதுப் பெண், உச்சியிலுள்ள ஒற்றைப் புள்ளியிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறாள். ஒன்றோடு மூன்று சேர்ந்தால் நான்கு. அதனோடு ஐந்து சேர ஒன்பது. மேலும் ஏழு சேரப் பதினாறு. ஒற்றைப்படை எண்களை ஒன்று முதல் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனால், ஒவ்வொரு படியிலும் ஒரு முழு வர்க்க எண் வந்து நிற்கும் என்ற கணித உண்மை, யாரும் வாய் திறந்து சொல்லாமலே அவள் கண் முன்னால் மாவுப் புள்ளிகளாக விழுந்து கிடக்கிறது. ஆறு வயதில் அவளுக்கு அது புரிய வேண்டுவதில்லை; பத்து வயதில் யாரேனும் அதைச் சொல்லும்போது, இதை நான் பார்த்திருக்கிறேனே என்று அவள் நினைத்துக்கொண்டால் போதும். சிக்குக் கோலத்தில் ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்திலேயே வந்து சேரும் விந்தையைத் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் போதித்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் உழைத்தவர்களும் 1970-களில் ஆராய்ந்து, கோலங்களை விதிகளால் உண்டாக்கிக் காட்டும் இலக்கணங்களை வகுத்தார்கள். கணினி அறிவியலின் ஏடுகளில் அந்த ஆராய்ச்சிக்கு ஓர் இடமுண்டு. எந்த வகுப்பறையிலிருந்தும் பிறக்காத இப்பொருள், வாசற்படியிலிருந்து ஆராய்ச்சிச் சாலைக்குப் போயிற்று.

அடுக்களையில் கிடைக்கும் கல்வி இதனினும் விரிவானது. நான் அவ்வப்போது சென்று தங்கும் உறவினர் வீடு ஒன்று கும்பகோணத்துக்கு அருகே இருக்கிறது. அவ்வீட்டின் எட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை; தாயும் தந்தையும் பாட்டியுமே அவனுக்கு ஆசிரியர்கள். பித்தளைப் படியும் உழக்கும் ஆழாக்கும் இன்னும் அந்த அடுக்களையில் புழங்குகின்றன. இட்லிக்கு ஊறப்போடும் வேளையில் பாட்டி அவனைக் கூப்பிட்டு, "நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. படி அரிசி போட்டாச்சு. உளுந்து எத்தனை ஆழாக்குன்னு நீயே சொல்லி அளந்து போடு, கண்ணா" என்றாள். அவன் உழக்கில் ஆழாக்கைக் கவிழ்த்துப் பார்த்தான், உழக்குக்கு இரண்டு. படியில் உழக்கை மனத்தாலேயே கவிழ்த்துப் பார்த்தான் போலும், சிறிது நேரம் பேசாமலிருந்து, "படிக்கு எட்டு ஆழாக்கு. அப்போ ரெண்டு, பாட்டி" என்றான். பாட்டி சரியென்றும் சொல்லவில்லை, பலே என்றும் தட்டிக்கொடுக்கவில்லை. "போடு" என்றாள். மறுநாட்காலை இட்லி மிருதுவாக வந்தது; அதுவே அவனுக்குக் கிடைத்த மதிப்பெண். அரை, கால், அரைக்கால் என்ற பின்னங்களை வெறும் தாளில் கற்ற குழந்தை மறந்துவிடக்கூடும். உழக்கையும் ஆழாக்கையும் கையால் கவிழ்த்துக் கற்ற குழந்தை மறப்பதற்கு நியாயமில்லை.

அந்த மாவே அடுத்த பாடத்துக்கும் வாயில் ஆயிற்று. சித்திரையில் ஓர் இரவுக்குள் பொங்கி வழிகிற மாவு, மார்கழியில் பொழுது விடிந்த பின்னும் ஏன் உறங்கிக் கிடக்கிறது என்று அவன் கேட்டான். உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வந்து சேரும் நுண்ணுயிர்கள் மாவில் பெருகி, புளிப்பையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. அந்த வாயுவே மாவைத் தூக்கி நிறுத்துகிறது. குளிரில் அவற்றின் பெருக்கம் மந்தமாகிறது என்று தந்தை விளக்கினார். பிறகு பிள்ளை ஒரு கண்ணாடிக் குடுவையில் மாவை ஊற்றி, வெளிப்புறத்தில் காகிதப் பட்டை ஒட்டி, மாவு எந்த மணிக்கு எவ்வளவு ஏறியதென்று கோடு போட்டுக்கொண்டு வந்தான். இவ்வளவுக்கும் அடிப்படையாக ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மாவு அவனுக்காகச் செய்து காட்டப்பட்ட பரிசோதனை அன்று. அது வீட்டாரின் காலை ஆகாரம். தவறாக அளந்திருந்தால் அனைவருமே அதன் பலனை அநுபவித்திருப்பார்கள். குழந்தையின் உழைப்பு பிறருக்குப் பிரயோஜனப்படுகிறது என்ற உணர்வு, எந்தப் பரிசும் ஊட்ட முடியாத கருத்தூன்றலை அவனிடத்தில் உண்டாக்குகிறது.

கூடம் நினைவுக்குரிய இடம். அங்கே தொங்கும் ஊஞ்சலில் உட்கார்ந்து வாய்பாடு ஒப்பிக்கும் குழந்தைக்கு, பலகையின் போக்கும் வரவுமே தாளமாக அமைந்துவிடுகின்றன. அவ்வூஞ்சலைக் கொண்டே இயற்பியலின் பழைய உண்மை ஒன்றையும் காட்டலாம்: சற்று மெல்ல ஆடவிட்டாலும் சற்று வீசி ஆடவிட்டாலும் ஒரு முறை போய்வர ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே; சங்கிலியை ஒரு கண்ணி ஏற்றிக் கட்டினால்தான் அது மாறும். இதற்கு மேல் அங்கே பாடம் வேண்டாம். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பதும் கூடத்தில் கிடைக்கும் கல்வியே.

முற்றமும் மொட்டைமாடியும் ஆகாயத்தைக் கற்பிக்கின்றன. சென்னையில் ஒரு மொட்டைமாடியில், துணி உலர்த்தும் கொடிக்கம்பத்தின் உச்சிவேளை நிழலை வாரத்துக்கு ஒருமுறை சுண்ணக்கட்டியால் குறித்து, பக்கத்தில் தேதியையும் எழுதிக்கொண்டு வந்த இரு சிறுமியரை நான் அறிவேன். மார்கழியில் அந்நிழல் கம்பத்தின் உயரத்தில் முக்கால் பங்களவு வடக்கே நீண்டு கிடந்தது; தை, மாசி, பங்குனி என்று சிறுகச் சிறுக உள்வாங்கி, ஏப்ரல் 24-ஐ ஒட்டிப் பகல் பன்னிரண்டு மணி கடந்து சில நிமிஷங்களில் கம்பத்தின் காலடியிலேயே ஒடுங்கிவிட்டது. அவர்களை உண்மையில் திகைக்க வைத்தது அதற்கடுத்த வாரம். நிழல் மறுபடியும் தலைகாட்டியது, ஆனால் தெற்கே! சூரியன் எப்போதும் நமக்குத் தெற்காகவே உச்சிக்கு வருவதாக நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, அது நம் தலையைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மீண்டும் தலைக்கு மேலே வந்து, பிறகே தெற்கே திரும்புகிறது என்பது அந்தத் தளத்தின் மேல் பிரத்தியட்சமாயிற்று. பூமியின் சாய்வைப் பற்றியும் சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதைப் பற்றியும் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, அவற்றின் விளைவைத் தம் கையெழுத்தில் அவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். கார்த்திகைப் பௌர்ணமியன்று சந்திரன் கார்த்திகைக் கூட்டத்தின் அருகே நிற்பதையும், மாதங்களின் பெயர் அவ்வாறே அமைந்ததையும் அதே மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு கற்றார்கள்.

கொல்லையைப் பற்றிச் சொல்லும்போது, தமிழுலகம் என்றும் மறக்க இயலாத ஒரு மாணாக்கரை நினையாமல் இருக்க முடியவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க 1871-இல் மாயூரத்துக்கு வந்து சேர்ந்த உ. வே. சாமிநாதையர், ஆசிரியர் தம் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் வளர்ந்த மரங்களைக் கொண்டுவந்து நட்டு, அவை தளிர்விட்டனவா என்று காலைதோறும் ஆவலுடன் பார்ப்பதைக் கவனித்தார். ஆசிரியர் வருமுன்பே எழுந்து சென்று, எந்தக் கிளையில் எந்தத் தளிர் புதிதாக அரும்பியிருக்கிறதென்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டினார். அந்தத் தளிர்களின் வாயிலாக ஆசிரியரின் அன்பு அவர்பால் பெருகிற்று. அவரிடமே நேரில் பாடம் கேட்கும் பாக்கியமும் கைகூடிற்று. இந்த வரலாற்றைத் தம் சுயசரிதையில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் செல்லரித்த ஏடுகளில் ஓர் எழுத்தின் சிதைவையும் விடாமல் நோக்கிய அந்தக் கண்கள், நேற்று இல்லாத ஒரு துளிரை இன்று கண்டுபிடிக்கும் பழக்கத்தை ஒரு வீட்டுத் தோட்டத்தில் வைகறை வெளிச்சத்தில் பயின்றன என்று எண்ணும்போது எனக்குள் ஒரு பக்தியே உண்டாகிறது. இன்றைக்கு அப்படியொரு தோட்டம் வேண்டுமென்பதில்லை. தொட்டியிலுள்ள கறிவேப்பிலைச் செடி ஒன்று போதும். அதன் இலையில் வண்ணத்துப்பூச்சி வைத்துப் போகும் கடுகளவு முட்டை, பறவையின் எச்சத்தைப் போலத் தோற்றம் காட்டி எதிரிகளை ஏமாற்றும் புழுவாகி, பிறகு இலையோடு இலையாகப் பச்சை நிறம் கொண்டு, கூடாகி, ஒரு நாட்காலையில் சிறகு விரிப்பதை, அவசரப்படாமல் தினந்தோறும் சென்று பார்க்க ஒரு குழந்தைக்கு அவகாசம் இருந்தால் அதுவே உயிரியல்.

வேலையும் கல்வியும் ஒன்றே என்பதை நம் காலத்தில் சாஸ்திரமாக வகுத்தவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரியில் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருந்த கட்டடத்தில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், பிள்ளைகள் தரையைப் பெருக்கினார்கள், தண்ணீரை ஊற்றினார்கள், உணவு பரிமாறினார்கள்; கையின் ஒழுங்கிலிருந்து மனத்தின் ஒழுங்கு பிறப்பதை அவர் கண்டார். அவர் 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். யுத்தத்தின் காரணமாகத் தாயகம் திரும்ப முடியாமல் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்த காலத்தில், மலையும் செடியும் நீரும் சூழ, பிரபஞ்சம் முழுவதையும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே கதையாகக் குழந்தைக்குக் காட்ட வேண்டுமென்ற தம் பிற்காலக் கொள்கையை வளர்த்தார். அவருடைய முறைக்கென்று தனியே செய்த கருவிகளை வாங்கிவைப்பதில் நம் பெற்றோர் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையாவது, அம்மியின் பக்கத்திலும் கிணற்றடியிலும் குழந்தையோடு கூட உட்காரும் பொழுதாகச் செலவிட்டால் அவருடைய கருத்துக்கு இன்னும் நெருங்கியவர்களாவோம்.

இடத்தை மாற்றிக் கற்பதால் கவனம் சிதறுமே என்று அஞ்சுவோர்க்கு மனோதத்துவ ஆராய்ச்சி ஒன்று ஆறுதல் அளிக்கிறது. 1978-இல் ஸ்மித், கிளென்பர்க், பியோர்க் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட பரிசோதனையில், ஒரே சொற்பட்டியலை ஒரே அறையில் இரண்டு முறை படித்தவர்களைக் காட்டிலும், வெவ்வேறு இரண்டு அறைகளில் ஒவ்வொரு முறை படித்தவர்கள், மூன்றாவதாக ஓரிடத்தில் சோதிக்கப்பட்டபோது அதிகமான சொற்களை நினைவுகூர்ந்தார்கள். நாம் கற்பதனோடு நாம் இருந்த இடமும் நம்மை அறியாமலே ஒட்டிக்கொள்கிறது; ஓரிடத்தோடு மட்டும் கட்டுண்ட நினைவு அவ்விடத்தை விட்டு அகன்றால் தளர்கிறது; பல இடங்களில் வேர்விட்ட நினைவு எங்கே போனாலும் கூட வருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, வீட்டின் ஒவ்வோர் அங்குலத்தையும் பாடமாக்கிவிட வேண்டுமென்று நான் சொல்வதாக யாரும் கொள்ளக் கூடாது. வீட்டில் கற்பிப்போருக்கு வரக்கூடிய பெருந்துன்பம் அதுவே. குளிக்கும்போது நீரின் கொள்ளளவும், சாப்பிடும்போது சத்துக்களின் பட்டியலும், உறங்கும்போது உச்சரிப்புப் பயிற்சியுமாக ஒரு குழந்தையைத் துரத்திக்கொண்டிருந்தால், பள்ளி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவரும் குழந்தைக்குக் கிடைக்கும் சுகம்கூட இந்தக் குழந்தைக்குக் கிடைக்காமற் போகும். ஆகவே எந்தப் பாடமும் தொடரக்கூடாத ஓரிடம் வீட்டில் அவசியம் வேண்டும். மாடிப்படியின் அடியிலோ, ஜன்னல் திட்டிலோ, பழம்பெட்டிகளுக்கு நடுவே பரணிலோ, குழந்தை தானாகத் தேர்ந்தெடுத்த ஒரு மூலையில் அது என்ன செய்கிறதென்று எட்டிப்பார்க்கவும் கேட்கவும் நமக்கு அதிகாரமில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா இருப்பதற்கும் கற்பனை செய்வதற்கும், விரும்பிய புத்தகத்தை விரும்பியபடி புரட்டுவதற்கும் அதுவே இடம். அதுபோலவே, எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் நல்ல வெளிச்சமுள்ள ஒரு நிலையான இடமும் வேண்டும். மேஜையை நான் முழுவதும் விலக்கவில்லை. அது பல இடங்களுள் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன்.

திண்ணையும் முற்றமும் கொல்லையும் உள்ள வீட்டுக்கு நாங்கள் எங்கே போவோம் என்று நகரவாசிகள் கேட்பது நியாயமே. இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட அடுக்குமாடி வீட்டில் இடங்கள் சுருங்கியிருக்கின்றன. ஆயினும் அங்கே நடக்கும் வேலைகள் சுருங்கிவிடவில்லை. சமையல் நடக்கிறது, துணி துவைக்கப்பட்டு உலர்கிறது, மின்சாரக் கணக்கு வருகிறது, தண்ணீர் லாரி வந்து கீழ்த்தொட்டியை நிரப்ப, மோட்டார் அதை மேலே ஏற்றுகிறது. கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டி வரை நீரின் பாதையைக் குழந்தை தன் காலால் ஏறிப் பின்தொடரட்டும். மின்மானியில் ஓடும் எண்ணைக் காலையும் மாலையும் குறித்துக்கொண்டு, குளிர்பதனப் பெட்டி எவ்வளவு உண்கிறது, விசிறி எவ்வளவு உண்கிறது என்று தானே கணிக்கட்டும். ஒரே அறையில் ஐந்து பேர் வாழ்கிற குடும்பத்தைப் பற்றி நினைக்கும்போது மட்டும் இந்த உபதேசங்கள் என் வாயில் அடங்கிவிடுகின்றன. அக்குடும்பத்துக் குழந்தைக்கு அரசுப் பள்ளிதான் முற்றம், அதுதான் கூடம். அங்கே கிடைக்கும் காற்றும் வெளிச்சமும் சோறும் தோழமையும் அதன் பிறப்புரிமை. வீட்டில் கற்பிக்கும் வசதி வாய்த்தவர்கள் அப்பள்ளியை இகழ்வது எவ்வகையிலும் தகாது.

இங்கே மீண்டும் தெருப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் தொற்றுநோயினால் பள்ளிகள் மூடப்பட்டு, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் வரை வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. கைபேசியும் தனியறையும் உள்ள குழந்தை ஏதோ கற்றது. மற்றக் குழந்தை கற்றதையும் மறந்தது. அந்த இடைவெளியை நிரப்ப, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. மாலை வேளைகளில் தன்னார்வலர்கள், அவர்களுள் பெரும்பாலோர் அந்தந்தத் தெருவிலேயே வாழும் பெண்கள், தம் வீட்டு வாசலிலும் திண்ணையிலும் மரத்தடியிலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார்த்திப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பழைய திண்ணை யாரை உட்காரவிடாமல் தடுத்ததோ, அவர்களுடைய பேத்திகளே உபாத்தியாயராக அமர்ந்த திண்ணைகளும் அவற்றுள் உண்டு. வீடு என்னும் கல்விக்கூடம் தன் பழைய பாவத்தைக் கழுவிக்கொள்ளும் வழி இதுவென்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் கற்ற பிள்ளைக்குச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும் என்று சிலர் கேட்பார்கள். 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளிக் கல்வியை உரிமையாக்கியது. பள்ளிக்குப் போகாமல் வீட்டில் கற்கும் பிள்ளைகளோ, பதினான்கு வயது நிறைந்த பின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிக் கல்லூரி வரை செல்கிறார்கள். ஆகவே சான்றிதழைப் பற்றிய கவலை பெரிதன்று. நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அன்பும் அறிவும் நிறைந்த பெற்றோர், தம் குழந்தைக்கு அடுக்களையிலும் மாடியிலும் தொட்டிச் செடியிலும் உலகத்தையே காட்டிவிட்டு, தெருக்கதவை மட்டும் சாத்திவைத்திருந்தால், அந்தக் குழந்தை எல்லாம் அறிந்தும் மனிதரை அறியாமல் வளரும். தன்னைவிட மெதுவாகக் கணக்குப் போடும் ஒருவனுக்காகக் காத்திருப்பதையும், தன்னைவிட நன்றாகப் பாடும் ஒருத்தியைப் பொறாமையின்றிக் கேட்பதையும், வேறு சாதியும் வேறு மதமும் வேறு வாசனையும் உள்ள வீட்டுப் பிள்ளையோடு ஒரு பாயில் உட்காருவதையும், பெற்றோர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் தனியாகக் கற்பிக்க முடியாது.

ஆதலால் வீட்டில் கற்பிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வாரத்தில் சில மாலைப்பொழுதுகளையாவது உங்கள் வீட்டின் தெருப்பக்கத்துக்குக் கொடுங்கள். திண்ணை இல்லாவிட்டால் வாசற்படி, படியில்லாவிட்டால் மின்தூக்கிக்கு எதிரேயுள்ள நடை, அதுவும் இல்லாவிட்டால் கதவைத் திறந்துவைத்த முன்னறை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும், கீழே வண்டி கழுவுகிறவரின் பிள்ளையும், வேலைக்கு வரும் அம்மாளோடு வந்து படியில் காத்திருக்கும் சிறுமியும் அங்கே வந்து உட்காரட்டும். உங்கள் குழந்தை கோலத்தின் புள்ளியையும் மாவின் பொங்கலையும் நிழலின் நகர்வையும் அவர்களுக்குச் சொல்லட்டும். அவர்கள் கற்றுவந்ததை அது கேட்கட்டும். தான் கற்றதை இன்னொரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எந்தக் குழந்தைக்கும் கல்வி முழுமையடைகிறது. அதற்கான இடத்தை வீட்டில் ஒதுக்கிக்கொடுத்த பெற்றோரே வீட்டுக் கல்வியை அறமாகச் செய்தவர்கள்.